ஸ்டீரொயிட் ஊசியும் வயிற்றுப்பிள்ளையின் இதயத்துடிப்பும்: மகப்பேற்று விடுதிக்குப் புதிதாக வருவோருக்கு

மகப்பேற்று விடுதியில் புதிதாகக் கடமையேற்கும் பயிற்சி வைத்தியர்களையும் தாதியரையும் மருத்துவமாதரையும் முதல் மாதத்திலேயே குழப்பிவிடும் விஷயம் இது. குறைமாதத்தில் நோ கண்டு வந்த தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போட்டாயிற்று. நோவும் அடங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து எடுத்த சி.ரி.ஜி. தாளில், அதாவது தாயின் வயிற்றில் பெல்ற்றைக் கட்டிப் பிள்ளையின் இதயத்துடிப்பை மெஷின் வரைந்து தரும் தாளில், கோடு தட்டையாகக் கிடக்கிறது. "பிள்ளை நேற்றையைப்போல துடிக்கேல்லை" என்று, அதாவது அசைவு குறைந்துவிட்டது என்று, தாயும் சொல்கிறார். பிள்ளைக்கு ஒட்சிசன் குறைகிறதா, இல்லை இது ஊசியின் வேலையா?

இதில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. ஊசியின் தற்காலிக விளைவைப் பார்த்துப் பயந்து 29 கிழமைப் பிள்ளையை அவசரமாக வெளியே எடுத்தால், எதைத் தவிர்க்க ஊசி போட்டோமோ அதையே நாமே வரவழைத்தவர்கள் ஆவோம். எல்லாவற்றையும் ஊசியின் தலையில் போட்டுவிட்டு இருந்தாலோ, உண்மையாகவே அவதிப்படும் பிள்ளையைக் கைவிட்டுவிடுவோம். இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி நடப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். முடிவு எடுப்பவர் மகப்பேற்று நிபுணர்தான். ஆனால் அவர் சரியாக முடிவெடுப்பதற்கு வேண்டிய விபரங்களைத் திரட்டிக் கொடுப்பவர்கள் இரவுக் கடமையில் நிற்கும் நீங்கள்.

ஊசி எதற்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் லிகின்ஸ் என்ற மகப்பேற்று வைத்தியர், ஆடுகளுக்குக் குறைமாதத்தில் பிரசவம் தொடங்குவது எப்படி என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீரொயிட் கிடைத்த குறைமாத ஆட்டுக்குட்டிகள் எதிர்பாராத விதமாக மூச்சுவிட்டுப் பிழைத்ததைக் கண்டார். பிறகு ஹோவி என்ற குழந்தை வைத்தியரோடு சேர்ந்து தாய்மாரில் செய்த ஆய்வை 1972 இல் வெளியிட்டார். அங்கிருந்து வந்ததுதான் இன்று நாம் போடும் ஊசி. சுவாசப்பையின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் திரவம் சுரப்பதை அது முடுக்கிவிடுகிறது. மூளைக்குள் குருதி கசிவதையும் குடல் அழற்சியையும் குறைக்கிறது.

பாவனையில் இரண்டு மருந்துகள் உண்டு: டெக்சாமெதசோன், பீற்றாமெதசோன். இரண்டும் தசையில் போடும் ஊசிகள், மொத்தம் 24 மில்லிகிராம். பீற்றாமெதசோன் என்றால் 12 மில்லிகிராம் வீதம் 24 மணி இடைவெளியில் இரண்டு தடவை. டெக்சாமெதசோனை 6 மில்லிகிராம் வீதம் 12 மணிக்கொரு தடவையாக நான்கு முறை போடுவார்கள், அல்லது 12 மில்லிகிராமாக இரண்டு முறை. உங்கள் பிரிவில் எது நடைமுறை என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 24 முதல் 34 கிழமை வரை, குறைமாதப் பிரசவம் நடக்கக்கூடும் என்றிருக்கும் தாய்மாருக்கு இதைப் பரிந்துரைக்கிறது. வங்காளதேசம், இந்தியா, பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் டெக்சாமெதசோனைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு 2020 இல் வெளிவந்தது. நம்மைப்போன்ற நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் இந்த ஊசி பிறந்த பிள்ளைகளின் உயிரைக் காக்கிறது என்று அது காட்டியது. மலிவான மருந்துதானே என்று டெக்சாமெதசோனைக் குறைவாக நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஊசிக்கு முன் ஒரு தாள்

முடிந்தால், முதல் ஊசிக்கு முன்பே ஒரு சி.ரி.ஜி. எடுத்துவிடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். மூன்றாம் நாள் கோடு தட்டையாக இருக்கும்போது, "முன்பு எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு விடை சொல்வது இந்தத் தாள் மட்டும்தான். ஊசிக்கு முன்பே தட்டையாக இருந்தால் ஊசியைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்காக, மெஷினை வேறொரு கட்டிலில் பாவிக்கிறார்கள் என்று ஊசியைப் பிந்திப் போடவும் கூடாது. நோ ஏறிக்கொண்டிருக்கும் தாய்க்கு ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது.

நேரத்தை எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு பழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். ஊசி போட்ட நாள், நேரம், மருந்தின் பெயர், அளவு, எத்தனையாவது ஊசி ஆகியவற்றை பி.எச்.ரி. என்னும் நோயாளர் பதிவேட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு சி.ரி.ஜி. தாளின் தலைப்பிலும் எழுதுங்கள். "முதல் டெக்சா திங்கள் காலை 10.00, இப்போது 52 மணி" என்று ஒரு வரி போதும். அந்த வரி இருந்தால், இரவு 2 மணிக்குத் தொலைபேசியில் விபரம் கேட்கும் மூத்த வைத்தியருக்குப் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் முக்கியம். ஆபத்தான குறைமாதத் தாய்மார் தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிகளிலிருந்து போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகிறார்கள். நெடுந்தீவுத் தாய் என்றால் குறிகாட்டுவான் வரை கடலில் வந்து, அங்கிருந்து அம்புலன்ஸில் வரவேண்டும். முதல் ஊசி புறப்பட்ட இடத்திலேயே போடப்பட்டிருக்கும். கூட வரும் கடிதத்தில் "ஸ்டீரொயிட் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அது அரைத் தகவல். எத்தனை மணிக்கு, என்ன மருந்து என்று அனுப்பிய விடுதிக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். கேட்கத் தயங்கவே வேண்டாம். நீங்கள் அனுப்பும் இடத்தில் இருப்பவர் என்றால், அதைக் கேட்க வைக்காமல் எழுதி விடுங்கள்.

மெஷினின் மணிக்கூட்டையும் பாருங்கள். மின்சாரம் போய் வந்தபிறகு சில மெஷின்களில் நாளும் நேரமும் பிழையாக அச்சாகும். உங்கள் கைக்கடிகார நேரத்தைப் பேனாவால் எழுதி ஒப்பமிடுங்கள். சி.ரி.ஜி. தாள் வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதால் வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும். முக்கியமான பகுதியைப் போட்டோப் பிரதி எடுத்து வைப்பது நல்லது.

நாள்வாரியாக என்ன எதிர்பார்க்கலாம்

முதல் 24 மணியில் அடிப்படைத் துடிப்பு, அதாவது கோடு பெரும்பாலான நேரம் ஓடும் மட்டம், சற்று இறங்கலாம். கோட்டின் ஏற்ற இறக்கம், அதாவது விடுதியில் வேரியபிலிற்றி என்று சொல்வது, சில பிள்ளைகளில் முன்பைவிடக் கூடியும் தெரியும். இந்த நாளில் யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை.

குழப்பம் வருவது இரண்டாம், மூன்றாம் நாட்களில். முதல் ஊசியிலிருந்து ஏறத்தாழ 24 முதல் 72 மணி வரை வேரியபிலிற்றி குறைகிறது. அக்ஸிலறேஷன்கள், அதாவது துடிப்பு சிறிது நேரம் உயர்ந்து மீள்வது, அருகுகின்றன. பிள்ளை உடலை அசைப்பதும், கருப்பைக்குள்ளேயே மூச்சுவிடுவதுபோல நெஞ்சை அசைப்பதும் குறைகின்றன. நான்காம் நாளில், ஏறத்தாழ 96 மணியாகும்போது, எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. 1990களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆராய்ச்சியாளர்கள் இந்த நாட்கணக்கைத் தெளிவாக வரைந்து காட்டினார்கள். வேறு இடங்களிலும் இதே போக்குக் காணப்பட்டது.

மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டு. தட்டையாக்கும் விளைவு பீற்றாமெதசோனில் தெளிவாகத் தெரியும். டெக்சாமெதசோனில் அது பொதுவாக மென்மையானது. சில ஆய்வுகளில் அது வேரியபிலிற்றியைக் குறைக்கவே இல்லை. ஆகவே டெக்சாமெதசோன் போட்ட தாயின் தாள் மிகத் தட்டையாக இருந்தால், "ஊசிதான்" என்று சொல்வதற்கு முன் இன்னும் ஒருமுறை யோசியுங்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? ஊசி மருந்து சூல்வித்தகத்தைக் கடந்து பிள்ளையின் மூளைக்கும் போகிறது. அசைவு, மூச்சு அசைவு, துடிப்பின் ஏற்ற இறக்கம் மூன்றையும் இயக்குவது மூளைதான் என்பதால் மூன்றும் ஒன்றாக அடங்குகின்றன. முதல் நாள் துடிப்பு இறங்குவதற்கு வேறு விளக்கம் சொல்லப்படுகிறது: பிள்ளையின் குருதி அமுக்கம் ஏற, அதற்கு ஈடாக இதயம் மெதுவாகிறது. இவற்றில் எதுவும் ஒட்சிசன் குறைந்ததால் வருவதல்ல. இந்த வித்தியாசத்தை மனதில் பதித்துக்கொண்டால் அடுத்து வருவதெல்லாம் இலகு.

தாளை வாசிக்கும்போது

முதலில் தாளின் அளவுகோலைப் பாருங்கள். ஓட்டம் நிமிடத்துக்கு 1 சென்ரிமீற்றரா 3 சென்ரிமீற்றரா? வேகம் மாறினால் அதே துடிப்பு வேறு முகத்தோடு தெரியும். நிலைக்குத்தாக 1 சென்ரிமீற்றருக்கு 20 துடிப்பு என்று இருக்கும் தாளில், 5 துடிப்பு என்பது வெறும் 2.5 மில்லிமீற்றர். கோட்டை ஒரு நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலான உயரத்தைப் பாருங்கள். 5 முதல் 25 வரை சாதாரணம். தூரத்திலிருந்து பார்த்து "தட்டை" என்று சொல்லப்பட்ட எத்தனையோ தாள்கள், அளவுகோல் வைத்துப் பார்த்தால் 6, 7 துடிப்பு காட்டும்.

அடுத்து, இது குறைமாதப் பிள்ளை என்பதை மறக்க வேண்டாம். 28 கிழமைப் பிள்ளையின் அடிப்படைத் துடிப்பு, மாதம் நிறைந்த பிள்ளையைவிடக் கூடுதலாக, 150களில் இருப்பது வழமை. 32 கிழமைக்கு முன் 10 துடிப்பு உயர்ந்து 10 செக்கன் நின்றாலே அதை அக்ஸிலறேஷனாக எடுக்கலாம். 15 துடிப்பு, 15 செக்கன் என்று எதிர்பார்த்தால் நல்ல தாளையும் கெட்ட தாள் ஆக்கிவிடுவீர்கள். பிள்ளை தூங்கும் நேரமும் உண்டு. தட்டையாக ஓடினால் உடனே பெல்ற்றைக் கழற்றாமல் தொடர்ந்து ஓடவிடுங்கள். தாயை இடப்பக்கம் சரித்துப் படுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் செய்யுங்கள். தாயின் மணிக்கட்டில் கை வைத்து நாடியை எண்ணித் தாளில் எழுதுங்கள். நோவை அடக்க நிபெடிபின் கொடுத்த தாயின் நாடி 110, 120 வரை ஓடலாம். சின்னப் பிள்ளை பெல்ற்றுக்கு அடியிலிருந்து நழுவிப் போனால், மெஷின் தாயின் துடிப்பைப் பிடித்து, பிள்ளையின் துடிப்பு என்று அழகாக வரைந்து தரும். முதல் நாள் 150 இல் ஓடிய கோடு இன்று 118 இல் ஓடுகிறது என்றால், ஊசியால் இறங்கியது என்று சமாதானம் சொல்ல முன் நாடியைப் பிடியுங்கள்.

ஊசியின் தலையில் போடக்கூடாதவை

திரும்பத் திரும்ப வரும் டிஸிலறேஷன், அதாவது துடிப்பு சிறிது நேரம் இறங்கி மீள்வது, ஸ்டீரொயிட்டால் வருவதில்லை. வேரியபிலிற்றி குறைந்ததோடு டிஸிலறேஷனும் சேர்ந்து வந்தால், அது எத்தனையாவது மணியாக இருந்தாலும் சரி, உடனே மூத்த வைத்தியரைக் கூப்பிடுங்கள். அடிப்படைத் துடிப்பு 160 ஐத் தாண்டி ஏறிக்கொண்டு போவதும் ஊசியின் வேலை அல்ல. தாய்க்குக் காய்ச்சலா, பனிக்குடம் உடைந்து நாளாகிவிட்டதா, வரும் நீர் மணக்கிறதா என்று பாருங்கள். வயிறு பலகைபோல இறுகியிருந்து, குருதிப்போக்கும் இருந்தால், சூல்வித்தகம் பிரிகிறது என்றே நினைத்து நடக்க வேண்டும். அந்த நேரம் நாட்கணக்குப் பார்ப்பதற்கல்ல. நான்கு நாள் கடந்தும் கோடு தட்டையாகவே இருந்தாலும் ஊசியைக் காரணம் காட்ட முடியாது.

கிருமித்தொற்றைத் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. ஸ்டீரொயிட் போட்ட தாயின் வெண்குருதிக் கல எண்ணிக்கை முதல் நாளிலேயே ஏறும், பிறகு சில நாட்களில் இறங்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துத் தொற்று என்றும் சொல்லாதீர்கள், ஊசிதான் என்று தள்ளியும் விடாதீர்கள். காய்ச்சல், நாடி, வயிற்று நோவு, பிள்ளையின் துடிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். தாயின் சீனி மட்டமும் ஏறும். நீரிழிவு உள்ள தாய் என்றால் அடுத்த சில நாட்கள் அடிக்கடி அளந்து, இன்சுலினைக் கூட்ட வேண்டியிருக்கும்.

கோட்டைத் தட்டையாக்கும் வேறு மருந்துகளும் அதே தாய்க்குக் கொடுபட்டிருக்கலாம். பிள்ளையின் மூளையைப் பாதுகாக்கப் போடும் மக்னீசியம் சல்பேட் அப்படிப்பட்டது, நோவுக்குப் போடும் பெத்திடினும் அப்படித்தான். மருந்துத் தாளைத் திறந்து, எது எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் சி.ரி.ஜி. பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டாம்.

சந்தேகம் தீராவிட்டால்

டிஸிலறேஷன் இல்லை, தாய் நலமாக இருக்கிறார், 50 ஆவது மணி, கோடு மட்டும் அடங்கியிருக்கிறது. இப்படியான தாய்க்குப் பெரும்பாலும் செய்வது, கண்காணிப்பைக் கூட்டி, சில மணித்தியாலங்களில் மீண்டும் தாள் எடுத்து, முன்னைய தாள்களோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். குருதியோட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கான் இங்கே கைகொடுக்கும். வழமையாக வளர்ந்த பிள்ளையில் தொப்புள்கொடிக் குருதியோட்டத்தை ஸ்டீரொயிட் கெடுப்பதில்லை. பனிக்குட நீரின் அளவும் ஓரிரு நாளில் மாறுவதில்லை. ஆனால் ஸ்கானில் பிள்ளையின் அசைவு, மூச்சு அசைவு இவற்றுக்குப் புள்ளி போட்டுக் கூட்டும் முறை இந்த நாட்களில் குறைந்த மொத்தத்தையே காட்டும். காரணம், அதில் எண்ணப்படுபவற்றில் பல ஊசியால் அடங்குபவை. அந்த மொத்தத்தை மட்டும் வைத்துப் பிரசவத்தை முடிவுசெய்வது நியாயமில்லை.

வளர்ச்சி குன்றிய பிள்ளை என்றால் கணக்கே வேறு. அந்தப் பிள்ளையில் தொப்புள்கொடிக் குருதியோட்டம் ஊசிக்குப் பின் சில நாட்களுக்கு நன்றாகத் தெரிந்து, பிறகு பழைய மோசமான நிலைக்குத் திரும்பலாம். அந்த இடைக்கால முன்னேற்றத்தைக் கண்டு கண்காணிப்பைத் தளர்த்தக்கூடாது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவைத்த பலமும் குறைவு. இங்கே தட்டையான கோட்டை நீங்களாகவே ஊசிக்கு ஒப்புக்கொடுக்காமல், நிபுணரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

தாயிடம் சொல்வது

ஊசி போடும்போதே சொல்லுங்கள். ஆங்கிலப் பெயர்களும் சதவீதமும் தேவையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்த மண் இது. நமக்கு இதைத் தமிழில் சொல்வதில் ஒரு சிரமமும் இல்லை:

"அம்மா, இந்த ஊசி பிள்ளையின்ர சுவாசப்பையைப் பலப்படுத்தப் போடுறது. நாளைக்கும் நாளையிண்டைக்கும் பிள்ளை கொஞ்சம் குறையத் துடிக்கலாம். பிறகு பழையபடி வந்திடும். ஆனா குறையுது எண்டு தெரிஞ்ச உடனே எங்களைக் கூப்பிடுங்கோ, ராத்திரி எண்டாலும் பரவாயில்லை. நாங்கள் வந்து பாப்பம்."

கடைசிப் பகுதியை விழுங்கிவிடாதீர்கள். முதல் பகுதியை மட்டும் கேட்ட தாய், "ஊசியாலதான் எண்டு மிஸ் சொன்னவா" என்று நினைத்து, பிள்ளை துடிக்காமலே கிடந்தாலும் விடியும்வரை பேசாமல் இருந்துவிடுவார். பக்கத்துக் கட்டிலில் உள்ள அக்காவும், பார்க்க வந்த மாமியும் அதையே சொல்லி ஆறுதல்படுத்துவார்கள். அசைவு குறைந்தது என்று ஒரு தாய் சொன்னால், ஊசி போட்ட இரண்டாம் நாளாக இருந்தாலும், கட்டிலடிக்குப் போய்த் துடிப்பைக் கேட்டு, தாள் எடுத்து, பார்த்ததை எழுத வேண்டும். "அது அப்படித்தான்" என்ற பதிலை தாளைப் பார்த்த பிறகு மட்டும் சொல்லுங்கள்.

கைமாற்றும்போது

கடமை மாறும் நேரத்தில் இந்தத் தாயைப் பற்றிச் சொல்லும்போது நான்கு விபரங்கள் வாயில் வரவேண்டும்: எத்தனை கிழமை, என்ன ஊசி, முதல் ஊசியிலிருந்து எத்தனை மணி, ஊசிக்கு முன் தாள் எப்படி இருந்தது. பிரசவம் நெருங்கினால் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கும் ஊசி முழுமையாகப் போட்டாயிற்றா என்று அறிவியுங்கள். ஊசியின் முழுப் பலன் 24 மணிக்குப் பின்பும் 7 நாட்களுக்குள்ளும்தான் மிகுதி. ஆனால் ஒரே ஒரு ஊசிதான் போட நேரம் கிடைத்தது என்றாலும் அதையும் சொல்லுங்கள், அதற்கும் பலன் உண்டு.

நோ அடங்கி, தாய் பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே வீடு திரும்பினால், கிளினிக் கொப்பியில் ஊசியின் பெயரையும் திகதியையும் தெளிவாக எழுதிவிடுங்கள். இரண்டு கிழமை கழித்து அவர் நோவோடு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனால், இன்னொரு முறை ஊசி போடுவதா என்று அங்குள்ளவர்கள் யோசிப்பது அந்த ஒரு வரியை வைத்துத்தான். ஊரில் அவரைப் பார்க்கப் போகும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் அதே வரிதான் முதலில் கண்ணில் பட வேண்டும்.